நீளமான இழைக்கு ஒரே ஒரு மரபணு போதாதா?

இழைத்தேடி

வணக்கம். தாவர மரபியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்குப் பருத்தி இழைத் தரம் என்று தலைப்பு எடுத்துவிட்டு இப்போது விழித்துக்கொண்டிருக்கிறேன்.

உலகத்தில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஹிர்சூட்டம் இனம். அதன் இழை பெரும்பாலும் 28, 29 மில்லிமீட்டர். பார்படென்ஸ் இனம் சாதாரணமாக 35-ஐத் தொடுகிறது. மெலிசு, வலிமையும் அதிகம். ஆனால் விளைச்சல் குறைவு, பயிர்க்காலமும் நீளம். இரண்டுக்கும் 52 குரோமோசோம். இரண்டையும் கலந்தால் விதை பிடிக்கிறது, முளைக்கிறது. ஹிர்சூட்டத்தின் மரபணுத்தொகுதி வரிசையும் 2015-லேயே வெளிவந்துவிட்டது.

அப்புறம் ஏன் பார்படென்ஸின் இழையும் ஹிர்சூட்டத்தின் விளைச்சலும் ஒரே செடியில் இன்னும் சேரவில்லை? நீளத்துக்குப் பொறுப்பான மரபணுவைக் கண்டுபிடித்து இங்கே கொண்டுவந்து வைத்தால் முடிந்ததுதானே? சிறுபிள்ளைத்தனமான கேள்வி என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் இப்படிக் கேட்க முடியாது.

முப்பதாம் நம்பர்

நான் மரபியல் ஆள் இல்லை, நூற்பாலையில் தரப் பிரிவு. ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். "தரம்" என்று நீங்கள் ஒருமையில் சொல்வதை நாங்கள் ஐந்தாறாகப் பார்க்கிறோம்: நீளம், நீளத்தில் எவ்வளவு சீர், குட்டை இழை எவ்வளவு, வலிமை, மைக்ரோனேர் (பஞ்சுக்குள் காற்றை விட்டு எடுக்கும் எண்), முதிர்ச்சி. 35 மில்லிமீட்டர் இழையில் பாதி முதிராமல் இருந்தால் எனக்கு அது வேண்டாம். எதை உயர்த்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

நகக்கண்

தம்பி, கேள்வி சிறுபிள்ளைத்தனமானதில்லை. நான் முப்பது வருடம் பருத்தி வயலில் கலப்பு செய்தவன், இந்தக் கேள்வியோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் தலைமுறையில் நீங்கள் கேட்பது கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். ஹிர்சூட்டத்தைத் தாயாகவும் பார்படென்ஸைத் தந்தையாகவும் வைத்துச் செய்யும் வீரிய ஒட்டில் இழை நீளம், செடியும் மதமதவென்று வளரும். 1972-இல் வந்த வரலட்சுமி இந்த வகைதான். சங்கடம் அடுத்த தலைமுறையில். அதன் விதையை விதைத்துப் பாருங்கள். ஒரு செடி குட்டை, ஒன்று பூக்கவே மாட்டேன் என்கிறது, ஒன்றில் காய் உண்டு, ஆனால் விதை பொக்கு. நல்ல இழை உள்ள செடியைத் தேடிப் பிடித்தால் அதில் நாலு காய் இருக்கும். அதிலிருந்து விதை எடுத்துக்கொண்டே போனால் ஏழெட்டுத் தலைமுறையில் செடிகள் ஹிர்சூட்டம் பக்கமோ பார்படென்ஸ் பக்கமோ ஒதுங்கிவிடும். நடுவில் நிற்பது அபூர்வம். குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வெகுகாலம் தனித்தனியாக வாழ்ந்த இனங்கள். ஒவ்வொன்றின் மரபணுக்களும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கின்றன. பாதியைக் கலைத்தால் மீதிப் பாதிக்கும் வேலை ஓடாது.

சுவின் ரகத்தை யாராவது எடுத்துக்காட்டாகச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அது சுஜாதாவையும் செயின்ட் வின்சென்டையும் கலந்து வந்தது, இரண்டுமே பார்படென்ஸ். அங்கே இன வேலியைத் தாண்டவே இல்லை.

சும்மா வந்தேன்

பருத்தி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, சட்டை போடுவதோடு சரி. அடிப்படையில் ஒரு சந்தேகம். இழை என்பது என்ன? வேரா, நாரா, முடியா?

குடுவைத்தோட்டம்

முடி என்று வைத்துக்கொள்ளலாம். தலைமுடிக்குள் நிறைய செல்கள் உண்டு, பருத்தி இழை முழுவதும் ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் உள்ள செல்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று, பூ மலரும் நாளையொட்டிக் குமிழ்போல் புடைக்கும். பிறகு நீள ஆரம்பிக்கும். அகலம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது, நீளம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்வரை போகும். ஒரு விதையில் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேல்.

இழைத்தேடிக்கும் இதையே சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தக் காலக்கணக்கில் இருக்கிறது. முதல் இரண்டு இரண்டரை வாரம் செல் நீளுகிறது. அடுத்து உள்பக்கம் செல்லுலோஸ் அடுக்கு அடுக்காகப் படிகிறது, இது நாற்பது நாற்பத்தைந்தாம் நாள்வரை போகும். கடைசியில் செல் செத்து, காய்ந்து, ரிப்பன்போல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இருப்பதால்தான் நூலாகத் திரிக்க முடிகிறது. நீளம் முதல் கட்டத்தின் கையில், வலிமையும் முதிர்ச்சியும் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தின் கையில். ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு மாறும் நாள் எது என்பதில் எல்லாமே சிக்கியிருக்கிறது.

நீளும் கட்டத்தில் இன்னொரு அழகான விஷயம் உண்டு. பக்கத்துச் செல்களோடு இழையை இணைக்கும் நுண்வழிகள் சில நாள் அடைத்துக்கொள்கின்றன. உள்ளே சர்க்கரையும் பொட்டாசியமும் சேர்ந்து அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் செல்லைத் தள்ளி நீட்டுகிறது. 2001-இல் இதைக் காட்டினார்கள். எவ்வளவு நாள் அடைத்திருக்கிறதோ அதற்கேற்ப நீளம் கூடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. இந்த இடத்தில் "நீள மரபணு" எது? வழியை அடைப்பதா, சர்க்கரையை ஏற்றுவதா, செல் சுவரை நெகிழ்த்துவதா, ஹார்மோனா? எல்லாவற்றுக்கும் தனித்தனி மரபணுக்கள், பலவற்றுக்கு இரண்டு இரண்டு பிரதிகள்.

இழைத்தேடி

நன்றி அக்கா. இரண்டு பிரதி என்பது ஏ, டி என்ற இரண்டு துணைத்தொகுதிகளைத்தானே சொல்கிறீர்கள்? அதிலும் எனக்கு ஒரு குழப்பம். ஏ வகைச் செடிகளில், அதாவது ஆர்போரியம், ஹெர்பேசியம் இரண்டிலும், நூற்கக்கூடிய பஞ்சு இருக்கிறது. டி வகைச் செடிகளில் பஞ்சு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அப்படியானால் ஏ பக்கம் மட்டும் தேடினால் போதாதா? வேலை பாதியாகும்.

கணக்குப்பிள்ளை

கூடவே கூடாது. இந்தத் தப்பைப் பலர் செய்திருக்கிறார்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஏ வகைச் செடி ஒன்றும் டி வகைச் செடி ஒன்றும் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து உருவான குடும்பம்தான் ஹிர்சூட்டமும் பார்படென்ஸும். டி பக்கத்து மூதாதைக்கு நெருங்கிய உறவு பெரு நாட்டில் வளரும் ரைமோண்டி. அதன் விதையில் நூற்க ஒன்றும் தேறாது.

1998-இல் ஹிர்சூட்டம், பார்படென்ஸ் கலப்பு ஒன்றில் குறிப்பான்களை, அதாவது குரோமோசோமில் இடம் காட்டும் டிஎன்ஏ அடையாளங்களை, வைத்து இழைப் பண்புகளின் இருப்பிடங்களைத் தேடினார்கள். இழைத் தரத்தோடு தொடர்புள்ள இடங்களில் பெரும்பகுதி டி பக்கத்தில் வந்து விழுந்தது. பஞ்சே தராத தாத்தாவின் சொத்தில்! இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏ பக்கத்து இழை மரபணுக்கள் இணைவுக்கு முன்பே இழைக்காகப் பண்பட்டுவிட்டன, அங்கே மாறுவதற்கு அதிகம் மிச்சமில்லை. டி பக்கத்து மரபணுக்கள் புதிய இடத்தில் புதிய வேலைக்கு வந்தவை. வேறுபாடு அங்கேதான் மலிந்து கிடக்கிறது. தேர்வு செய்ய வேறுபாடு வேண்டும்.

ஹிர்சூட்டத்தில் திரும்பத் திரும்பத் தென்படும் வலிமை இடங்களில் ஒன்று ஏ07 குரோமோசோமில் இருக்கிறது, மற்றொன்று டி08-இல். இரண்டு வீட்டையும் தேடத்தான் வேண்டும்.

நகக்கண்

கணக்குப்பிள்ளை சொன்னதற்கு வயலில் ஒரு சாட்சி உண்டு. தர்பெரி என்று ஒரு காட்டுச் செடி, வட அமெரிக்கப் பாலைநிலப் பக்கம் வளர்வது, டி வகை. விதையைப் பார்த்தால் யாரும் பஞ்சுக்காக அதைத் தொடமாட்டார்கள். பீஸ்லி என்ற ஆராய்ச்சியாளர் ஆர்போரியத்தையும் தர்பெரியையும் கலந்து, குரோமோசோமை இரட்டித்து, அதை ஹிர்சூட்டத்தோடு கலந்தார். அவருக்கு வேண்டியிருந்தது பருத்தியின் பூர்வீகம் பற்றிய விடை. ஆனால் அந்த மூவினக் கலப்பின் சந்ததியில் இழை வலிமை எகிறி நின்றது. தென் கரோலினாவில் பீ டீ என்ற பெயரில் வந்த வரிசைகள், அதாவது தேர்ந்தெடுத்துத் தனியாகப் பேணிய செடி வம்சங்கள், அந்தச் சந்ததியைப் பயன்படுத்தி வளர்ந்தவை. இன்றைய பல நல்ல ரகங்களின் வம்சாவளியைத் துருவினால் அங்கே போய் நிற்கும்.

அதனால்தான் செடியின் தோற்றத்தைப் பார்த்து மரபணுவை எடை போடாதே என்று என்னிடம் வேலை கற்றவர்களுக்குச் சொல்வேன்.

சும்மா வந்தேன்

சரி, வலிமை கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன பிரச்சினை?

நகக்கண்

விளைச்சல் போய்விட்டது, அதுதான் பிரச்சினை. வலிமையான இழை உள்ள வரிசைகளில் பஞ்சு குறைவு. பஞ்சு அதிகமுள்ளவற்றில் வலிமை சுமார். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவும். என் பணிக்காலத்தில் பாதி இந்த இழுபறியில் போயிற்று.

அதில் இரண்டு சாத்தியம் உண்டு. ஒரே மரபணு வலிமையைக் கூட்டி விளைச்சலைக் குறைக்கிறது என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை, தலையெழுத்து. நல்ல மரபணுவும் கெட்ட மரபணுவும் குரோமோசோமில் பக்கத்து வீட்டுக்காரர்கள், அதனால் சேர்ந்தே வருகின்றன என்றால் பிரிக்க வழி உண்டு. 1967-இல் மில்லரும் ராலிங்ஸும் இதைச் சோதித்தார்கள். தேர்வே செய்யாமல், ஒரு கலப்புக் கூட்டத்தைப் பல தலைமுறை தங்களுக்குள் கண்டபடி கலக்க விட்டார்கள். ஒவ்வொரு கலப்பிலும் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறும் இல்லையா? கடைசியில் அளந்து பார்த்தபோது விளைச்சலுக்கும் வலிமைக்கும் இடையிலான பகை தணிந்திருந்தது. முழுக்கப் போய்விடவில்லை. ஆக, பகையில் ஒரு பகுதி வெறும் பக்கத்து வீட்டுச் சங்கதி.

பொறுமைதான் விலை. பல தலைமுறை ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் காத்திருக்க எந்த நிறுவனம் சம்பளம் கொடுக்கும்?

கணக்குப்பிள்ளை

> பல தலைமுறை ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் காத்திருக்க

இப்போது அதையே திட்டமிட்டுச் செய்கிறார்கள் ஐயா. 11 ஹிர்சூட்டம் பெற்றோரை எடுத்து, பல சுற்று கலந்து, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நிலைப்பட்ட வரிசைகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் டிஎன்ஏ எழுத்துகளையும் படித்த தொகுப்பு இருக்கிறது. துண்டுகள் சிறிதாக நறுக்கப்பட்டிருப்பதால் எந்தத் துண்டு எந்தப் பண்பைத் தூக்குகிறது என்று முன்னைவிடக் கூர்மையாகச் சொல்ல முடிகிறது.

தம்பிக்குக் கணக்கு ஒன்று. பார்படென்ஸ் துண்டு ஒன்றை ஹிர்சூட்டத்துக்குள் பின்கலப்பில், அதாவது சந்ததியை மறுபடி மறுபடி ஹிர்சூட்டத்தோடே கலந்து, கொண்டுவருகிறீர்கள். முதல் பின்கலப்பில் அன்னிய மரபணு 25 சதவீதம், ஆறாவதில் சராசரியாக 0.8 சதவீதத்துக்கும் கீழே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மிச்சம் எங்கே உட்கார்ந்திருக்கும்? நீங்கள் வேண்டிய மரபணுவைச் சுற்றித்தான். அங்கே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு வரலாம். குறிப்பான் வைத்து இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட செடியைத் தேடாவிட்டால் கெட்டதும் கூடவே குடியேறும்.

இதற்குத்தான் குரோமோசோம் மாற்று வரிசைகளைப் பார்க்கச் சொல்வேன். டிஎம்-1 என்ற தரநிலை ஹிர்சூட்டத்தில் ஒரே ஒரு குரோமோசோமை, அல்லது அதன் ஒரு கையை மட்டும், பார்படென்ஸிலிருந்து எடுத்து வைத்தவை. மற்றதெல்லாம் டிஎம்-1. 25-ஆம் குரோமோசோம் மாறிய வரிசையில் வலிமை கூடி மைக்ரோனேர் குறைந்தது. எது எந்தக் குரோமோசோமின் வேலை என்று பிரித்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான பொருள் கிடைக்காது.

முப்பதாம் நம்பர்

ஓரமாக உட்காருகிறேன் என்றேன், முடியவில்லை. "மைக்ரோனேர் குறைந்தது" என்று நல்ல செய்தி மாதிரிச் சொல்கிறீர்களே, குறைந்தது இழை மெலிந்ததாலா, முதிராததாலா?

மைக்ரோனேர் இழையின் தடிமனை நேராக அளப்பதில்லை. குறிப்பிட்ட எடைப் பஞ்சை அடைத்து அதன் ஊடாகக் காற்றை விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறோம். மெல்லிய, நன்றாக முதிர்ந்த இழையும் குறைந்த எண் காட்டும். தடித்த இழை, உள்ளே செல்லுலோஸ் படியாமல் சப்பையாக இருந்தால், அதுவும் குறைந்த எண்தான் காட்டும். முதலாவது தங்கம். இரண்டாவது கார்டிங்கில் (பஞ்சைச் சீவும் கட்டத்தில்) முடிச்சு முடிச்சாகச் சுருண்டு, சாயத்தில் துணி முழுக்க வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், ஏனென்றால் முதிராத இழை சாயம் பிடிக்காது. ஒரு முறை ஒரு லாட் 3.6 என்று வந்தது. எல்லோரும் நல்ல நைசுப் பஞ்சு என்று கொண்டாடினோம். கருநீலத்தில் முக்கி எடுத்தபோது துணி நட்சத்திர வானம் மாதிரி இருந்தது. அன்றிலிருந்து முதிர்ச்சி எண்ணைத் தனியாகப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை.

நகக்கண்

முப்பதாம் நம்பரின் புலம்பலில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் மைக்ரோனேர் எண்ணை மட்டும் பார்த்து நான்கு தலைமுறை தேர்வு செய்தேன். எண் அழகாக இறங்கியது. பிறகுதான் தெரிந்தது, நான் தேர்ந்தெடுத்தது மெல்லிய இழையை அல்ல, காய் வெடிக்கும்போதும் செல்லுலோஸ் படிந்து முடிக்காத சோம்பேறிச் செடிகளை. நான்கு தலைமுறையும் குப்பை.

குடுவைத்தோட்டம்

இரண்டும் மரபியலில் வேறு வேறு பாதை என்பதற்கு ஒரு திரிபு வரிசை இருக்கிறது. முதிரா இழைத் திரிபு என்று பெயர். அதில் நீளம் கிட்டத்தட்டச் சாதாரணம், ஆனால் சுவர் தடிக்காது. காரணம் தேடியபோது மைட்டோகாண்ட்ரியாவோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் 22 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதாவது செல்லின் ஆற்றல் உற்பத்தியில் கோளாறு. செல்லுலோஸ் மரபணுக்களையே குடைந்துகொண்டிருந்தால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம்.

செல்லுலோஸ் என்றதும் நினைவு வருகிறது, தாவரங்களில் செல்லுலோஸ் தயாரிக்கும் மரபணுவை முதன்முதலில் 1996-இல் இனங்கண்டதே பருத்தி இழையில்தான். ஒரே வேலையில் மூழ்கிக் கிடக்கும் செல் என்பதால் அங்கே தேடுவது சுலபமாயிற்று.

இப்போது "எடுத்து வைத்தால் முடிந்ததுதானே" என்பதற்கு. எடுத்து வைக்கும் வேலை என்னுடையது, அதனால் உரிமையோடு சொல்கிறேன்: வைப்பதே பெரும்பாடு. பருத்தியில் மரபணு நுழைத்த ஒரு செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். பெரும்பாலான ரகங்கள் குடுவைக்குள் மசியாது. பழுப்பாகி உட்கார்ந்துவிடும். கோக்கர் 312 என்ற பழைய ரகம் மட்டும் சொன்னபடி கேட்கும், அதனால் பல ஆய்வகங்களில் அதுதான் கதி. பல மாதம் கழித்து ஒரு செடி கிடைத்தால் அது கோக்கராக இருக்கும். அதிலிருந்து நல்ல ரகத்துக்கு மறுபடி பின்கலப்பு. கணக்குப்பிள்ளை சொன்ன அதே கணக்கு.

பலன் கிடைத்த எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2011-இல் ஒரு சீனக் குழு ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் மரபணுவை விதையின் மேல்தோலில், இழை புடைக்கும் சமயத்தில் மட்டும், வேலை செய்ய வைத்தது. ஒரு விதையில் புடைக்கும் செல்களின் எண்ணிக்கை கூடியது. வயல் சோதனையில் பஞ்சு 15 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது, மைக்ரோனேரும் இறங்கியது. நகக்கண் ஐயா சொன்ன இழுபறி அங்கே தளர்ந்திருக்கிறது. 2014-இல் உஸ்பெகிஸ்தானில், ஒளியை உணரும் ஒரு மரபணுவின் குரலை அடக்கினார்கள். இழை நீண்டது, செடி சீக்கிரம் பூத்தது, வேரும் பெருத்தது. ஒளி உணரும் மரபணுவுக்கும் இழைக்கும் என்ன சம்பந்தம் என்று யார் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்?

முப்பதாம் நம்பர்

அந்தச் சீனப் பஞ்சிலும் மைக்ரோனேர் இறங்கியதா? என் கேள்வி அதற்கும் சேர்த்துத்தான்.

குடுவைத்தோட்டம்

கேட்பீர்கள் என்று தெரியும். மெல்லிய இழை என்றே அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இழைத்தேடி

தலை சுற்றுகிறது, ஆனால் நல்ல சுற்றல். நான் போட்டிருந்த திட்டம்: இரண்டு இனங்களின் மரபணுத்தொகுதி வரிசையை ஒப்பிட்டு, நீளத்துக்கு ஒரு மரபணுவைப் பிடித்து, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் திருத்துவது. அதை விட்டுவிடுகிறேன். குரோமோசோம் மாற்று வரிசைகள் சிலவற்றை வளர்த்து, நீளும் கட்டம் முடிந்து சுவர் தடிக்கத் தொடங்கும் நாள் எந்த வரிசையில் முந்துகிறது, எதில் பிந்துகிறது என்று மட்டும் பார்க்கலாமா? முதுகலைக்கு இது போதுமா?

கணக்குப்பிள்ளை

தாராளமாகப் போதும். ஆனால் கட்டம் மாறும் அந்த நாளைக் கணக்கிடும்போது வெப்பத்தையும் எழுதி வையுங்கள். குளிர்ந்தால் இரண்டு கட்டமும் இழுக்கும், மரபணு வேறுபாடு என்று நீங்கள் நினைப்பது வானிலையாக இருக்கும். நீளத்தையும் வலிமையையும்விட மைக்ரோனேர் சூழலுக்கு அதிகம் ஆடும். கிரிஸ்பரை முழுக்கத் தள்ள வேண்டாம், ஏ, டி இரண்டு பிரதியையும் ஒரே வழிகாட்டி ஆர்என்ஏ-வால் வெட்ட முடிவது அதன் பெரிய வசதி. எதை வெட்டுவது என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

முப்பதாம் நம்பர்

பஞ்சை அளக்கும்போது ஒரே காயிலிருந்து எடுக்காதீர்கள். அடிக்காய், நுனிக்காய் எல்லாம் வேறு வேறு எண் காட்டும். செடியின் நடுப்பகுதியில், தண்டை ஒட்டிய முதல் காய்களை மட்டும் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி எடுங்கள். விதையிலிருந்து பஞ்சைப் பிரிக்க ரம்ப ஜின் வேண்டாம், உருளை ஜின்னில் அரையுங்கள், இல்லாவிட்டால் ஜின் அறுத்த இழையைச் செடியின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

நகக்கண்

கடைசியாக ஒன்று. இதில் தவறாத மாணவனை நான் பார்த்ததில்லை. இழை விதையுறையில் வளர்வது, விதையுறை தாய்ச் செடியின் உடம்பு. இன்று நீங்கள் கலப்பு செய்த காயில் விதைக்குள் இருக்கும் கரு எஃப்1, அதாவது கலப்பின் முதல் தலைமுறை, ஆனால் மேலே உள்ள பஞ்சு தாயின் பஞ்சு. எஃப்1-இன் இழையைப் பார்க்க வேண்டுமானால் அந்த விதையை விதைத்து, அந்தச் செடியில் வரும் காயைப் பறிக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் விதை எஃப்2. பையின் மேல் ஒரே ஒரு தலைமுறையை எழுதினால் மூன்று மாதம் கழித்து எது எதற்கென்று தெரியாது. இரண்டையும் எழுதுங்கள்: "இழை எஃப்1, விதை எஃப்2" என்று.

சும்மா வந்தேன்

ஐயா, "நகக்கண்" என்று ஏன் பெயர் வைத்தீர்கள்?

நகக்கண்

கலப்புக்கு முதல் நாள் சாயங்காலம் மொட்டில் மகரந்தப் பைகளை நீக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தை அடியில் செருகி ஒரு சுற்று சுற்றினால் அல்லியும் பைகளும் உறைபோல் மொத்தமாகக் கழன்று வரும். முப்பது வருடம் அந்த நகம் மஞ்சளாகவே இருந்தது.

இழைத்தேடி

போன வாரம் பழகிப் பார்க்கச் செய்த கலப்புகளில் மூன்று பைகளில் "எஃப்1 இழை" என்று எழுதி வைத்திருக்கிறேன். இருங்கள், போய் அடித்துவிட்டு வருகிறேன்.